பசியாறியாச்சா?

போன மாதம் எங்கள் ஊர்க் கோயிலில் அன்னதானம். பந்தி பரிமாறுவது எங்கள் இளைஞர் பிரிவின் பொறுப்பு. மதியம் இரண்டரை மணி இருக்கும், பின்பக்க கேட்டில் இரண்டு பேர் வந்து நின்றார்கள். பக்கத்தில் கட்டிக்கொண்டிருக்கும் காண்டோவில் வேலை செய்யும் வங்காளதேசத்துக்காரர்கள். சோறு மிச்சம் இருந்தது, கட்டிக் கொடுத்தோம். அவர்கள் போனதும் எங்கள் அண்ணன் ஒருவர் சொன்னார்: “ஊர்ல பத்துப் பிள்ளைங்கள பெத்துப் போட வேண்டியது, அப்புறம் பசின்னு இங்க வந்து நிக்க வேண்டியது. கணக்குத் தெரியாதவனுங்க.” எல்லாரும் சிரிச்சோம். நானும்தான்.

அன்று இரவு பாட்டி வீட்டுக்குப் போனபோதுதான் உறைத்தது. என் பாட்டி பெற்றது ஒன்பது. தோட்டத்து லயத்தில், ஒரே அறையில். அதில் இரண்டு, ஒரு வயது தாண்டவில்லை. “ஏன் பாட்டி அத்தனை?” என்று கேட்டேன். “எது நிக்கும், எது போகும்னு யாருக்குப்பா தெரியும்? ரெண்டோட நிறுத்திட்டு, அந்த ரெண்டும் போயிடுச்சுன்னா?” என்றார். பிள்ளைகள் பெரிதானால் கட்டிப்பால் பொறுக்கப் போகும், வயதான காலத்தில் கஞ்சி ஊற்றும். பென்ஷனும் இன்சூரன்சும் இல்லாத லயத்தில் அதுதான் இன்சூரன்ஸ். பாட்டிக்குக் கணக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

அந்த ஒன்பது பேர் குடும்பம் மூன்றாகவும் இரண்டாகவும் குறைந்ததற்கு யார் காரணம்? பயமுறுத்தி யாரும் நிறுத்தவில்லை. கிளினிக் வந்தது, பிள்ளைகள் பிழைத்தன. பெரியம்மா பினாங்கு ஃபேக்டரியில் வேலைக்குச் சேர்ந்து சம்பளம் வாங்கினார், இருபத்தாறு வயதில்தான் கல்யாணம் செய்துகொண்டார். இத்தனைக்கும் 1980-களில் நம் அரசாங்கம் மலேசிய மக்கள் தொகை ஏழு கோடியாக வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தது! யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. இன்று ஒரு பெண்ணுக்குச் சராசரியாக இரண்டு பிள்ளைகூட இல்லை.

வங்காளதேசத்திலும் நடந்தது இதே கதைதான். 1971-ல் சுதந்திரம் அடைந்தபோது அங்கே மக்கள் சுமார் ஏழு கோடி. ஒரு பெண்ணுக்கு ஆறு பிள்ளைக்கு மேல். ஐந்து வயதுக்குள் ஐந்தில் ஒரு குழந்தை இறந்துவிடும். அதற்குப் பிறகு பெண் ஊழியர்கள் வீடு வீடாகப் போய்க் குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரைகளைக் கொடுத்தார்கள். பிராக் என்ற தொண்டு நிறுவனம் 1980 முதல் பத்து ஆண்டுகளில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளில், மூன்று விரல் உப்பும் ஒரு பிடி வெல்லமும் தண்ணீரில் கரைத்து வயிற்றுப்போக்கு வந்த குழந்தைக்குக் கொடுக்கத் தாய்மார்களுக்குக் கற்றுத் தந்தது. எந்தப் பெரிய இயந்திரமும் கிடையாது. உப்பு, வெல்லம், தண்ணீர், அவ்வளவுதான். பிள்ளை பிழைக்கும் என்ற நம்பிக்கை வந்ததும் பிறப்பும் குறைந்தது. 2011-லேயே சராசரி 2.3. அண்ணன் சொன்ன ‘பத்து’ எங்கேயும் இல்லை.

சரி, வாய் குறைந்ததால் பசி குறைந்ததா என்றால், அதுவும் இல்லை. இன்று அங்கே சுமார் பதினேழு கோடிப் பேர். ஆனால் குழாய்க் கிணறு போட்டு மழையில்லாத பருவத்தில் இன்னொரு போகம் எடுக்கத் தொடங்கியதில் அரிசி விளைச்சல் மும்மடங்குக்கு மேல் ஆகிவிட்டது. ஜனம் ஏறிய வேகத்தை அரிசி முந்திவிட்டது.

என் மாதிரி எஞ்சினியரிங் படிக்கிறவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. உணவை மேலே போட்டு, மக்கள் தொகையைக் கீழே போட்டு, வகுத்தால் விடை வந்துவிடும் என்று நினைப்போம். அமர்த்தியா சென் இந்தக் கணக்கைத்தான் உடைத்தார். ஒன்பது வயதில் 1943 வங்கப் பஞ்சத்தைக் கண்ணால் பார்த்தவர் அவர். இருபது, முப்பது லட்சம் பேர் செத்த பஞ்சம். பிறகு 1981-ல் எழுதிய புத்தகத்தில், பஞ்சமே இல்லாத 1941-ஐவிட 1943-ல் வங்கத்தில் உணவு அதிகம் என்று காட்டினார். வங்காளதேசத்தின் 1974 பஞ்சமும் அப்படித்தான். 1971-க்கும் 1975-க்கும் இடையில் தலைக்கு அதிக உணவு இருந்த வருடமே அதுதான். வெள்ளத்தில் கூலி வேலை போனது, அரிசி விலை ஏறியது, கூலிக்காரன் கையில் காசு இல்லை. கடையில் அரிசி இருந்தது. ஒரு வீடு இருட்டாக இருந்தால், பவர் ஸ்டேஷனில் மின்சாரம் தீர்ந்துவிட்டது என்றா அர்த்தம்? பில் கட்ட முடியாமல் கனெக்‌ஷனை வெட்டியிருப்பார்கள்.

மக்கள் பெருக்கம் ஒரு பிரச்சினையே இல்லை என்று சொல்ல வரவில்லை. நைஜர் நாட்டில் இன்றும் ஒரு பெண்ணுக்குச் சுமார் ஆறு பிள்ளை. பள்ளிக்கூடம் கட்டி முடிப்பதற்குள் அடுத்த வகுப்பு வாசலில் நிற்கும். ஆனால் மனிதனை வெறும் எண்ணாகப் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்தியாவின் எமர்ஜென்சி காலமே சாட்சி. 1976-77 ஒரே ஆண்டில் சுமார் எண்பது லட்சம் பேருக்குக் கருத்தடை ஆபரேஷன். டார்கெட் முடிக்க ஏழைகளைப் பிடித்துக்கொண்டு போனார்கள். பணக்காரன் வீட்டுக் கதவை யாரும் தட்டவில்லை.

பூமிக்கு யார் பாரம் என்றும் ஒரு தடவை கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு வங்காளதேசியின் பங்குக்கு வருடத்துக்கு ஒரு டன்னுக்கும் குறைவான கார்பன். நம் மலேசியர் ஒருவருக்குச் சுமார் எட்டு டன். அந்தக் கணக்கில் பத்துப் பிள்ளை பெற்றவர்கள் நாம்தான்.

இன்னொன்று. எங்கள் முகாம் டி-ஷர்ட்டின் கழுத்துப் பட்டையைத் திருப்பிப் பார்த்தேன். வங்காளதேசத்தில் தைத்தது. அங்கே பெண்கள் சொந்தமாகச் சம்பளம் வாங்கி, தாமதமாகத் திருமணம் செய்து, மகள்களைப் படிக்க வைத்ததில் தையல் ஃபேக்டரிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. அதே தொழில்தான் ராணா பிளாசாவையும் தந்தது. அனுமதி இல்லாமல் மாடிகள் ஏற்றினார்கள், மேல் தளங்களில் ஜெனரேட்டர்களை வைத்தார்கள். 2013 ஏப்ரல் 23-ல் விரிசல் தெரிந்தது. கீழே இருந்த வங்கி ஆட்களை அனுப்பிவிட்டது. தையல்காரப் பெண்களை மட்டும் மறுநாள் உள்ளே வரச் சொன்னார்கள். வராவிட்டால் சம்பளம் போய்விடுமே. 1,134 பேர் செத்தார்கள். ஸ்ட்ரக்சர் வகுப்பில் இதைப் பார்த்தபோது, எந்தத் தூணில் எவ்வளவு பாரம் என்று கணக்குப் போட்டேன், மார்க்கும் வாங்கினேன். விரிசலைப் பார்த்த பிறகும் அவர்களை உள்ளே போக வைத்த பாரம் எது என்று அன்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

நம்மில் சிலர் உடனே சொல்வது, “அவங்க கர்மா.” என் கஷ்டத்துக்கு என் வினை என்று நான் சொல்லிக்கொண்டால், என்னைத் திருத்திக்கொள்ள அது உதவலாம். அடுத்தவன் பசிக்கு அவன் வினை என்று சாப்பிட்டு முடித்தவன் சொல்வது அதே தத்துவம்தானா? எனக்கு அப்படித் தெரியவில்லை. என் பாட்டியைப் பார்த்து கிராணி வீட்டு அம்மா அதையேதான் சொல்லியிருப்பார்.

அடுத்த வாரம் அதே ஆட்களில் ஒருவரைக் கேட் பக்கம் பார்த்தேன். மலாயில்தான் பேசினோம். பிள்ளைகள் இரண்டு, மூத்தவள் செக்கண்டரி படிக்கிறாளாம். ஏஜெண்டுக்கு அவர் கட்டியது பதினெட்டாயிரம் வெள்ளி. நிலத்தை அடகு வைத்த கடன், இன்னும் ஒன்றரை வருடம் கட்ட வேண்டும். அதுவரை அவர் சம்பாதிப்பது அவருடையது இல்லை. “சுடா மாக்கான்?” என்று கேட்டேன், நம் வீடுகளில் பசியாறியாச்சா என்று கேட்கிற மாதிரி. சிரித்துவிட்டு, உன் தாத்தா எந்த ஊரிலிருந்து வந்தார் என்று அவர் திருப்பிக் கேட்டார். சேலம் பக்கம், அவரும் கடனில்தான் வந்தார் என்றேன்.

அண்ணனிடம் இதை இன்னும் நேரில் சொல்லவில்லை. இதழ் அவர் கைக்குத்தான் முதலில் போகும்.