மருந்தும் சீவகாருண்ணியமும்

கொல்லாமையை மாணாக்கர்க்குப் போதிக்கும் நாம், நோயுற்றவிடத்து, எலிகளின் உயிரை விலையாகக் கொடுத்து அறியப்பட்ட முறைகளினாலே சிகிச்சை பெறுகின்றோம். இது பொருந்துமோ என்று ஒரு மாணாக்கன் வினவின், ஆசிரியராகிய நாம் யாது விடை கூறுவோம்?

முன்னர் உண்மையை அறிதல் வேண்டும். புற்றுநோய்க்குக் கொடுக்கப்படும் மருந்துகள் பல, விரைந்து பெருகும் அணுக்களை அழிப்பன. எலும்பு மச்சையிலே வெள்ளணுக்களைப் பிறப்பிக்கும் அணுக்களும் விரைந்து பெருகுவன ஆதலின், அவையும் உடன் அழிகின்றன. அங்ஙனம் வெள்ளணுக் குறைந்த உடம்பிலே, முன்பு குடலிலே தீங்கின்றி இருந்த கிருமிகளும் இரத்தத்திற் புகுந்து உயிரைப் போக்குதல் கூடும். சைக்கிளோபொஸ்பமைட் என்னும் மருந்தைச் சுண்டெலிகளுக்கு ஊசியால் ஏற்றின், நான்கு நாட்களுள் அவ்வணுக்கள் பெரும்பாலும் ஒழிகின்றன. பின்னர் அவற்றின் தொடையிலே கிருமியைச் செலுத்தி, எம்மருந்து எவ்வளவிலே அதனை அடக்கும் என்று ஆராய்வர். ஈற்றிலே எலிகள் கொல்லப்படும்.

வெள்ளணுக் குறையக் குறையத் தொற்று மிகும் என்பதை, 1966 ஆம் ஆண்டிலே ஜெரால்ட் போடி முதலிய வைத்தியர் இரத்தப் புற்றுநோயாளரிடத்துக் கண்டு காட்டினர். இக்காலத்திலே, ஒரு மைக்ரோலீற்றர் இரத்தத்தில் நியூட்ரோபில் என்னும் வெள்ளணு 500க்குக் குறைந்தவருக்குச் சுரந் தோன்றின், பரிசோதனை முடிவை எதிர்பாராது உடனே கிருமிகொல்லி கொடுக்கின்றனர். எம்மருந்து, எவ்வளவு என்பதற்கு எலிகளும் சாட்சி பகர்ந்தன.

"மனிதர் பிழைத்தலின் இது புண்ணியமேயாம்" என்பர் சிலர். அது பொருந்தாது, நமக்குற்ற பயன், பிறிதோருயிருக்குற்ற துன்பத்தை இல்லையாக்காது. "அற்றேல் அம்மருந்தை விலக்குக" என்பர் வேறு சிலர். அதுவும் பொருந்தாது, சுரத்தாற் கிடக்கும் பிள்ளைக்கு மருந்தை மறுத்தலும் கொலையோடொக்கும், மறுத்தலால் இறந்த எலி மீளுதலுமில்லை.

திருமறைக்காட்டிலே விளக்குத்திரியைத் தூண்டிய எலியே மாவலிச் சக்கரவர்த்தியாயிற்று என்னும் வரலாற்றை நாம் அறிவோம். எலியும் பசுவே, அதற்கும் பதி சிவபெருமானே. ஆதலின், மருந்தை உட்கொள்ளுமிடத்து நாம் கடன்பட்டோம் என்று உணர்தல் முறை. அக்கடனைக் குறைக்கும் வழியை ரசல், பர்ச் என்னும் இருவர் 1959 ஆம் ஆண்டு வெளியிட்ட நூலிலே வகுத்தனர்: உணர்ச்சியில்லாதவற்றைக் கொண்டு ஆராய்தல், விலங்குகளின் தொகையைச் சுருக்கல், நோவைத் தணித்தல் என்பன. இவை விஞ்ஞானிகள் செய்யற்பாலன. நாம் செய்யற்பாலது யாதெனின், உயிர்காக்கும் மருந்தின்பொருட்டு நேருங் கொலைக்கே இத்துணை அஞ்சவேண்டுமாயின், நாச்சுவையின்பொருட்டு ஓருயிரையுங் கொல்வியாதிருத்தலாம்.

ஆசிரியர்காள்! வினவும் மாணாக்கனுக்கு எலி பட்ட துன்பத்தையும் மறையாதீர்கள். பிள்ளை பிழைத்த நன்மையையும் மறையாதீர்கள். இரண்டையும் அறிந்தவனிடத்தே சீவகாருண்ணியம் நிலைபெறும்.