சுடுமல்லி செய்வது பாவமா?

சோளக்கொல்லையில் சிறு பூக்களோடு சாணுயரம் நிற்கும் சுடுமல்லிக்குப் பச்சை இலைகள் உண்டு. ஆனாலும் அது நீரையும் சத்தையும் சோளத்தின் வேரிலிருந்தே உறிஞ்சுகிறது. மண்ணுக்கு மேலே தலைகாட்டும் முன்பே பயிரை வாட்டத் தொடங்கிவிடும்.

பயிர் வாடுவதைக் கண்டு நெஞ்சுருகியவர் வள்ளலார். 1867-இல் வடலூரில் பசித்தவர்க்கு உணவளிக்கத் தருமச்சாலை தொடங்கியவர். அவர் சொன்ன ஜீவகாருண்யம் எல்லா உயிருக்கும் பொது. அப்படியானால், வாட்டிய களைக்கும் அதில் இடமுண்டா?

சுடுமல்லி விதை பத்தாண்டுக்கு மேலும் மண்ணில் உறங்கும். சத்துக்கு ஏங்கும் பயிர்வேர், தனக்கு உதவும் பூஞ்சையை அழைக்க ஸ்ட்ரிகோலாக்டோன் என்ற வேதிப்பொருளைக் கசியவிடுகிறது. அந்த அழைப்பை உணர்ந்துதான் களைவிதை முளைக்கிறது. சில நாள்களுக்குள் வேரைப் பற்றாவிட்டால் மடிந்துவிடும்.

மலேசியாவின் ராயல் பெலும் காட்டில் ரஃப்ளீசியா என்ற செடியும் ஒரு கொடியை உறிஞ்சியே பூக்கிறது. அதைப் பாதுகாக்கிறோம், பயணம் போய்ப் பார்க்கிறோம். சுடுமல்லியை மட்டும் கொடியது என்பது நம் நஷ்டக் கணக்கு.

தொல்காப்பியம் புல்லையும் மரத்தையும் ஓரறிவு உயிர் என்கிறது. மனத்தை ஆறாம் அறிவில் வைக்கிறது. மனமில்லாத உயிருக்குப் பாவமும் இல்லை.

ஆனாலும் சோளத்தை நம்பிப் பசித்த வயிறுகள் இருக்கின்றன. பூக்கும் முன்பே களையைப் பிடுங்கும் உழவர் தருமச்சாலையின் வேலையைத்தான் செய்கிறார்.