கூடாரமும் லயமும்

மனிதனுக்கு எத்தனை பொருள்கள் போதும் என்பது பழைய வினா. துறவி ஒரு விடை கூறினான். வணிகன் வேறொரு விடை கூறுகிறான். நமது காலத்திலோ மூன்றாவது விடையொன்று சக்கரங்களின் மீது ஏறி வருகின்றது. வாகனத்தின் கூரையில் மடித்து வைத்த கூடாரம். உள்ளே எரிவாயு அடுப்பு, தண்ணீர்க் கலன்கள், மின்கலம், கயிறு, தறப்பாள், மடக்கு நாற்காலி. வாரக் கணக்கில் வீதியே வீடு. பொழுது சாயுமுன் மேட்டு நிலம் பார்த்துக் கூடாரம் அடிப்பதும், நீர் தேடுவதும், இருப்பதைச் சமைத்து உண்பதுமே அன்றாடம். இவ்வாறு வாழ்ந்து திரும்பியவர்கள், இவ்வளவு குறைவாக வைத்துக்கொண்டு இவ்வளவு நிறைவாக இருக்க முடிகிறதே என வியக்கின்றனர். அந்த வியப்பு பொய்யன்று. ஒரு குடம் நீரின் அருமையை நகரத்துக் குழாய் கற்பிப்பதில்லை.

ஆனால் அவ்வியப்பு அத்தோடு நிற்பதில்லை. கேகாலை மாவட்டத்துத் தெரணியகலைக்கு வந்து, உடமாலிபொட வழியே சிவனொளிபாத மலைக்குச் செல்வோர் உண்டு. வழிநெடுக இறப்பர்த் தோட்டங்களும் தேயிலைத் தோட்டங்களும், அவற்றினிடையே லயங்கள். கூடாரத்தில் எளிமையைச் சுவைத்தவர் லயத்தைக் கண்டதும், "இம்மக்கள் எவ்வளவு எளிமையாக வாழ்கிறார்கள், ஒன்றுமில்லாமலே சிரிக்கிறார்களே!" என்கிறார். அன்புடன் சொல்லப்படும் வாக்கியந்தான். எனினும் நமக்கு அது அநீதியான வாக்கியமாகவே படுகிறது.

இந்த எளிமை எங்கே பிறந்தது என்று பார்ப்போம். கார் ஏறிக் காடு சென்று கூடாரத்தில் தங்கும் வழக்கத்தைப் புகழ்பெறச் செய்தவர்களுள் முதன்மையானவர்கள் அமெரிக்காவில் நால்வர்: கார் செய்த ஹென்றி ஃபோர்டு, மின்விளக்கு எடிசன், டயர் முதலாளி ஹார்வி ஃபயர்ஸ்டோன், இயற்கை எழுத்தாளர் ஜான் பரோஸ். 1915 முதல் 1924 வரை நிகழ்ந்த இப்பயணங்களில் தம்மை 'நாடோடிகள்' என்றே அவர்கள் அழைத்துக்கொண்டனர். (பரோஸ் 1921இல் மறைந்தார்.) 1919இல் அந்த நாடோடிகளுடன் ஐம்பது வாகனங்கள் சென்றன! அடுப்பும் பனிப்பெட்டியும் பொருத்திய சமையல் வண்டி ஒன்று, அதற்கொரு சமையற்காரர், கூடாரங்களையும் கட்டில்களையும் மின்விளக்குகளையும் சுமக்க இன்னொரு வண்டி, படம் பிடிக்க ஃபோர்டு கம்பெனியின் ஆட்கள்.

அவ்வண்டிகளின் டயர்களுக்குப் பால் வேண்டும். 1876இல் பிரேசிலின் விதைகள் கியூ தோட்டத்தில் முளைத்து, கன்றுகளாக நம் ஹெனரத்கொடைக்கு வந்தன. ஃபோர்டு நாடோடியாய்த் திரிந்த நாட்களில், உலகச் சந்தையின் இறப்பரில் பெரும்பகுதி மலாயா, டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகள், இலங்கை ஆகியவற்றின் தோட்டங்களிலிருந்தே சென்றது. விடியுமுன் எழுந்து, பட்டை சீவி, சிரட்டையில் பால் ஏந்தியவர்களும் வீடு விட்டு வந்தவர்களே. அவர்களுடைய முன்னோர் மன்னாரில் இறங்கிக் காட்டுவழியே மலைநாட்டுக்கு நடந்தபோது, ஒரு சட்டியும் ஒரு மூட்டையும் சுமந்தனர், வழியில் தங்கினர், பலர் வழியிலேயே மாண்டனர். அதை எவரும் எளிய வாழ்வின் இன்பம் என்று படம் பிடிக்கவில்லை.

இங்கே ஒரு மாணவர் நம்மை இடைமறிக்கலாம்: "ஏழையின் சிரிப்பையும் மறுக்கிறீர்களா?" இல்லை. அச்சிரிப்பு அவர்களுடையது, உண்மையானது. அதை எடுத்துச் சென்று, கூலி உயர்வுக்கும் வீட்டுரிமைக்கும் எதிரான சாட்சியாக நிறுத்துவதையே மறுக்கிறோம். பொருள் குறைவது அறமாவது, குறைத்தவனுக்கு அதனை மீண்டும் பெருக்கிக்கொள்ளும் உரிமை இருக்கும்போதுதான். கூடாரத்தில் படுப்பவனின் சட்டைப்பையில் ஒரு வீட்டின் சாவி இருக்கிறது. மழை பிடித்தால் அரை மணியில் கூடாரத்தைச் சுருட்டி அவிசாவளை நோக்கி வண்டியைத் திருப்புகிறான். தோட்டத்திலோ மழை பிடித்தால் பால்வெட்டு நின்றுவிடும். அன்றைய பேர் போகும். லயம் மட்டும் மலைச்சரிவிலேயே இருக்கும். 2016 மே மாதத்தில் தெரணியகலைக்கு அண்மையிலுள்ள புலத்கொஹுபிட்டியவின் களுபான தோட்டத்தில் மண் சரிந்து லயத்தை மூடியபோது, உள்ளிருந்தோருள் பலர் வெளியே வரவில்லை.

1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு ஒதுக்கியது. டிரங்குப் பெட்டியோடு கப்பலேறியவர்களின் பயணமும் நெடும்பயணந்தான், ஆனால் திரும்பி வருதல் அதில் இல்லை. எஞ்சியவர்களுக்கோ, 1975இல் கம்பெனித் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992இல் நிர்வாகம் மீண்டும் கம்பெனிகளிடம் சென்ற பின்னரும், லயக் காம்பிரா சொந்தமாகவில்லை. அண்மை ஆண்டுகளில் ஏழு பேர்ச் நிலத்தில் தனிவீடு பெற்றோர் உண்டு, பெறாதோரே மிகுதி.

மாணவர்களைக் கூடாரப் பயணம் அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் இம்மலைகளுக்கும் வருகிறார்கள், வரட்டும். பயணப் பெட்டியில் ஓர் அளவு நாடாவையும் எடுத்து வரட்டும். தம் கூடாரத்தின் நீள அகலத்தை முதலில் அளந்துவிட்டு, பிறகு வீட்டாரின் அனுமதியோடு 10 அடிக்கு 12 அடிக் காம்பிரா ஒன்றையும் அளக்கட்டும். அதில் எத்தனை பேர் படுக்கிறார்கள், எத்தனை தலைமுறையாகப் படுக்கிறார்கள், அக்காம்பிரா யார் பெயரில் இருக்கிறது என்பதையும் மாணவர்களே கேட்டு எழுதிக்கொள்ளட்டும்.