ஆள் அனுப்ப முடியாத கடமை

ஜொகூர் பாருவுக்கும் சிங்கப்பூரின் உட்லண்ட்ஸுக்கும் நடுவே கிடக்கும் கடற்பாலத்தின் நீளம் ஏறத்தாழ 1 கிலோமீட்டர். 1924இல் திறக்கப்பட்ட அந்தப் பாதையைக் கொரோனாப் பெருந்தொற்றுக்கு முன்பு நாளொன்றுக்கு 3 லட்சத்துக்கும் அதிகமானோர் கடந்தார்கள். விடியுமுன் மோட்டார் சைக்கிளில் புறப்பட்டுச் சிங்கப்பூரில் உழைத்துவிட்டு இரவில் மலேசியாவில் வந்து படுப்பதுதான் அங்கே பல்லாயிரம் குடும்பங்களின் அன்றாடம். அவற்றில் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. 2020 மார்ச் 16ஆம் தேதி மலேசியா நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையை அறிவித்தது. 18ஆம் தேதி அது நடப்புக்கு வந்தது, எல்லையும் மூடப்பட்டது. இடையில் கிடைத்த அவகாசத்தில், வேலை போய்விடுமே என்று அஞ்சியவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு சிங்கப்பூருக்குள் போனார்கள். அவர்களைத் தங்கவைத்த நிறுவனங்களுக்கு, ஆளுக்கு ஓர் இரவுக்கு 50 வெள்ளி வீதம் 14 இரவுகளுக்குச் சிங்கப்பூர் அரசு உதவித்தொகை தந்தது. ஆணைக்கும் முதலில் மார்ச் 31 வரைதான் ஆயுள். ஆனால் இரண்டு வாரம் என்று கணக்கிட்டுப் போன பலர் மறுபடி வீட்டு வாசலை மிதிக்க ஓராண்டுக்கும் மேலானது. எல்லையை மூடியது சரியா என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. சரி என்றே வைத்துக்கொள்வோம். அதற்குப் பிறகு எழும் கேள்விதான் பெரிது: மூடிய கதவைச் சிறிதளவே திறக்க முடியும் என்கிற நாளில் முதலில் யாரை விடுவது? சாகக்கிடப்பவரின் அருகில் இருக்கவேண்டிய கடமைக்கே அந்த முதலிடம் உரியது என்பது என் வாதம்.

கதவு எந்த வரிசையில் திறந்தது என்று பார்ப்போம். 2020 ஆகஸ்ட் 17 அன்று இரு நாடுகளும் இரண்டு வழிகளைத் திறந்தன. ஒன்று, வணிக, அலுவல் காரியங்களுக்காக 14 நாள் வரை வந்து செல்வோருக்கானது. மற்றொன்று தொழிலாளருக்கானது, வேலை செய்யும் நாட்டில் குறைந்தது 90 நாள் தங்கிய பிறகே விடுப்பில் ஊருக்குப் போகலாம் என்பது அதன் விதி. மரணத்துக்காகவும் கவலைக்கிடமான நோய்க்காகவும் எல்லை தாண்டுவதற்கென்று இரு நாடுகளும் சேர்ந்து ஒரு வழியைத் திறந்தது 2021 மே 17 அன்று, ஒன்பது மாதம் கழித்து. அதுவரை கதவு முழுக்கப் பூட்டிக் கிடந்தது என்று சொன்னால் அது நியாயமாகாது. தன் சொந்த மண்ணுக்குத் திரும்பும் உரிமை குடிமகனுக்கு இருந்தது. ஆனால் போனால் தனிமைப்படுத்தல், திரும்புவதற்கு மறுபடி அனுமதி, வந்தபின் மறுபடி தனிமைப்படுத்தல், இவற்றுக்கு நடுவே வேலை நிலைக்குமா என்ற பயம். தாய்க்கு மூச்சுத் திணறுகிறது என்ற செய்தி வந்தவருக்கு 14 நாள் தனிமை என்பது மறுப்புக்குச் சமம். பதினாறாம் நாள் காரியத்துக்குக்கூட அவர் தட்டுத்தடுமாறித்தான் போய்ச்சேர்வார். இந்த வரிசையை அமைத்த அதிகாரிகள் கல்நெஞ்சர்கள் என்று நான் நினைக்கவில்லை. பொருளாதாரத்துக்கு அமைச்சகம் இருக்கிறது, கணக்கு இருக்கிறது, கேட்டு நிற்க அமைப்புகள் இருக்கின்றன. சாகக்கிடப்பவருக்கு அப்படி எதுவும் இல்லை. எவர் குரல் முதலில் எட்டியதோ அவருக்கு முதலில் வழி பிறந்தது.

எதற்கு முதலிடம் என்பதை அளக்க ஓர் அளவுகோல் வேண்டும். எவ்வளவு பணம் புரளும், எத்தனை பேருக்குப் பயன் என்று கேட்பது ஒரு முறை. வேறொரு கேள்வியும் உண்டு: இந்தக் காரியத்தைத் தள்ளிப்போட முடியுமா, இவருக்குப் பதில் இன்னொருவர் செய்ய முடியுமா? 1785இல் வெளிவந்த தம் அறவியல் நூலில் ஜெர்மானிய மெய்யியலாளர் கான்ட் விலை உள்ளதையும் மாண்பு உள்ளதையும் பிரித்துக் காட்டினார். விலை உள்ளதன் இடத்தில் அதற்கு ஈடான வேறொன்றை வைக்கலாம். ஈடு சொல்ல முடியாததே மாண்பு உடையது. இந்தப் பிரிவினையை எல்லைச் சாவடிக்குக் கொண்டுபோனால் பல சிக்கல்கள் தாமாக அவிழ்கின்றன. வணிகப் பேச்சுவார்த்தையைக் கணினித் திரையில் நடத்தலாம். பெருந்தொற்றுக் காலமே அதை உலகுக்குப் பழக்கியது. இழந்த சம்பளத்தை, அரசு மனம்வைத்தால், பணத்தால் ஈடுகட்டலாம். திருமணத்தை ஆறு மாதம் தள்ளலாம். தந்தையின் கடைசி இரவைத் தள்ளிவைக்க முடியாது. மகளுக்காக இன்னொருவர் போய் அந்தக் கட்டில் அருகே உட்கார்ந்தால், உட்கார்ந்தவர் இன்னொருவர்தான், மகள் ஆகமாட்டார்.

இங்கே சமயங்கள் நமக்குச் சொல்லித்தருவது, பொதுவாக நாம் நினைப்பதிலிருந்து சற்று வேறுபட்டது. எல்லை மூடப்பட்டபோது சமய உரிமை என்ற பெயரில் பெரிதும் பேசப்பட்டது இறுதிச் சடங்குதான். ஆனால் சடங்கைப் பொறுத்தவரை சமயங்களே மாற்று வழிகளை வைத்திருக்கின்றன. மகன் தொலைவில் இருந்தால் பங்காளி கொள்ளி வைக்கலாம். உடலே கிடைக்காதபோது தருப்பைப்புல்லால் உருச்செய்து எரிக்கும் வழக்கத்தை இந்து மரபு அறியும். அபிசீனிய மன்னர் நஜ்ஜாஷி தொலைதூரத்தில் இறந்தபோது நபிகள் நாயகம் மதீனாவிலிருந்தே அவருக்காகத் தொழுதார்; மலேசியாவில் பெரிதும் பின்பற்றப்படும் ஷாபிஈ மரபு இன்றும் அந்தத் தொலைவுத் தொழுகையை ஏற்கிறது. 2020 மார்ச் 20 அன்று வத்திக்கான் வெளியிட்ட ஆணை, நோயில்பூசுதல் என்ற அருட்சாதனம் கிடைக்காமல் இறப்போரையும் இறை இரக்கத்தின் கையில் ஒப்படைத்து, பாவத் தண்டனையை முழுதும் நீக்கும் நிறைபேறுபலனை அவர்களுக்கு வழங்கியது. ஆக, சடங்கு தடைப்பட்டால் அதை வேறு வழியில் நிறைவேற்ற மூன்று மரபுகளிலும் வழி உண்டு. உயிர் இருக்கும்போது அருகில் இருப்பதற்கோ, அதே அளவில் ஈடாக நிற்கும் மாற்றை இவற்றில் எதுவும் வைத்ததாக எனக்குத் தெரியவில்லை. ஆதிசங்கரரைப் பற்றிய மரபுக் கதை இதையே சொல்கிறது. துறவிக்குத் தாயும் இல்லை, ஈமக்கடனும் இல்லை. அப்படியிருந்தும், உன் கடைசி நேரத்தில் வந்து நிற்பேன் என்று தாய்க்கு வாக்குக் கொடுத்துவிட்டே அவர் துறவு பூண்டார். சொன்னபடி வந்து நின்றார், பிறகு உறவினர் எதிர்ப்பையும் மீறித் தகனம் செய்தார். எல்லாவற்றையும் உதறிய பட்டினத்தாரும் தாயின் சிதைக்குத் தீ மூட்டத் திரும்பி வந்தார் என்கிறது நம் வழக்கு. துறவின் விதியே இவர்களுக்காக வளைந்தது. வளைத்ததற்காக மரபு இவர்களைக் குறைசொல்லவில்லை, கொண்டாடியது. எனவே வரிசை இப்படி அமையவேண்டும் என்பேன்: முதலில் சாகக்கிடப்பவரைக் காணப்போகிறவர், அடுத்து இறுதிச் சடங்குக்குப் போகிறவர், பிழைப்புக்காகக் கடப்பவர் அதற்கடுத்து, வணிகச் சந்திப்பு எல்லாவற்றுக்கும் பின்னால்.

இதற்கு முதல் மறுப்பு மருத்துவத்திலிருந்து வரும். கிருமிக்குக் காரணம் தெரியாது. துக்கத்தோடு வருபவரும் இலாபத்துக்காக வருபவரும் ஒரே அளவு நோயைச் சுமக்கலாம். உண்மை. அதனால்தான் எத்தனை பேரை விடுவது என்பதை மருத்துவம் தீர்மானிக்கட்டும் என்கிறேன். அந்த எண்ணிக்கைக்குள் யாரை விடுவது என்பதில் மருத்துவத்துக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. 2021 நவம்பர் 29 அன்று தடுப்பூசி போட்டுக்கொண்டோருக்கான தரைவழிப் பயணத்தடம் திறந்தபோது, ஒரு திசையில் நாளொன்றுக்கு 1,440 பேர் என்பது உச்சவரம்பு. முன்பு லட்சக்கணக்கில் கடந்த இடத்தில் 1,440 இருக்கைகள் என்றால், அந்த இருக்கைகளைப் பங்கிடுவது அறத்தின் வேலை. முந்திக்கொண்டு டிக்கெட் எடுத்தவருக்கு இடம் என்பதும், குலுக்கலில் பெயர் வந்தவருக்கு இடம் என்பதும் நடுநிலைபோலத் தோன்றும். நியூசிலாந்து அப்படித்தான் தனிமை விடுதி அறைகளைக் குலுக்கல் முறையில் வழங்கியது. 2022 ஏப்ரலில் அந்நாட்டு உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பு கவனத்துக்குரியது. கட்டாயத் தனிமைப்படுத்தல் நியாயமானதே என்று அது ஏற்றது. ஆனால் தனிமனிதரின் சூழ்நிலையைப் போதிய அளவு கணக்கில் எடுக்காத அந்தப் பங்கீட்டு முறை, நாடு திரும்பும் உரிமையைச் சிலர் விஷயத்தில் நியாயமின்றிக் கட்டுப்படுத்தியது என்றும் சொன்னது. ஒரே அளவு வாய்ப்பைத் தருவது எல்லாரையும் மதிப்பதாக ஆகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கனமானது. பிழைப்பும் உயிர்தானே? படுத்திருக்கும் தாய்க்கு மருந்து வாங்கும் காசு அந்தச் சிங்கப்பூர்ச் சம்பளத்திலிருந்துதானே போகிறது? வேலையை மூன்றாம் இடத்துக்குத் தள்ளுவது வசதி உள்ளவர் பேசும் அறம் அல்லவா? இந்தக் கேள்வியை நான் எளிதாகக் கடக்க விரும்பவில்லை. கூலி உழைப்பாளியின் பயணத்தை வணிகச் சந்திப்போடு ஒரே தட்டில் வைக்கக்கூடாது என்பதும் என் நிலைப்பாடே. ஆனால் 90 நாள் விதியைக் கூர்ந்து பார்த்தால், அது உழைப்பாளியைவிட உழைப்பையே காப்பாற்றியது தெரியும். வேலை தடைப்படக்கூடாது என்பதில் காட்டிய அக்கறையை, அந்த வேலையைச் செய்பவருக்கு ஒரு தாய் இருப்பார் என்பதில் அது காட்டவில்லை. மேலும், பிழைப்பா பாசமா என்று தேர்ந்தெடுக்கும் நிலைக்கு ஆளானவர்களில் பெரும்பாலோர் ஏழைகள். இழந்த கூலியை ஈடுகட்டும் பொறுப்பை அரசு ஏற்கும்போது அந்த இக்கட்டு பாதி தணியும். இழந்த கடைசி நேரத்தை எந்தக் கருவூலமும் ஈடுகட்டாது.

மூன்றாவது மறுப்பு நிர்வாகத்தினுடையது: பொய்ச் சான்றிதழ் வரும், யார் சாகப்போகிறார் என்பதை மருத்துவரே உறுதியாகச் சொல்ல முடியாதபோது அதிகாரி எப்படிச் சொல்வார்? தவறு நேரும்தான். எந்தத் தவறைத் திருத்த முடியும் என்று பார்க்கவேண்டும். தகுதியில்லாத ஒருவர், பரிசோதனைக்குப் பிறகு, முகக்கவசத்தோடு, குறித்த இடத்துக்கு மட்டும் போய்வந்தால் விளையும் கேடு சிறியது, கண்காணித்துச் சரிசெய்யக்கூடியது. தகுதியுள்ள மகனைத் திருப்பியனுப்பினால் அதைத் திருத்த மறுநாள் என்று ஒன்று வராது. தவறியே தீரவேண்டுமென்றால் இரக்கத்தின் பக்கம் தவறுவதே அறிவுடைமை. இதை எல்லையற்ற உரிமையாக நான் கேட்கவில்லை. கொள்ளைநோய் பரவிய ஊருக்குள் நுழையாதீர், அங்கே இருப்பவர் வெளியேறாதீர் என்று நபிமொழி மரபு கட்டளையிடுகிறது. சிரியாவில் நோய் பரவியதை அறிந்த கலீஃபா உமர் எல்லையிலிருந்தே திரும்பினார். இறைவன் விதித்ததிலிருந்து ஓடுகிறீரா என்று கேட்கப்பட்டபோது, அவன் விதித்த ஒன்றிலிருந்து அவன் விதித்த இன்னொன்றை நோக்கிப் போவதாகப் பதில் தந்தார். பிறர் உயிருக்காகத் தன் கடமையை அடக்கிக்கொள்வதும் பக்திதான். கொரோனாவின் ஓமிக்ரான் திரிபு பரவியபோது 2021 டிசம்பர் 23 முதல் பயணத்தடத்துக்கான டிக்கெட் விற்பனை நிறுத்தப்பட்டதுபோல, எவரையும் விட முடியாத நாள்களும் வரலாம். அந்த நாளில் எல்லாரும் நிற்கட்டும். ஒருவரையாவது விட முடிகிற நாள் வந்ததும், அந்த ஒருவர் யார் என்பதில் ஐயம் இருக்கக்கூடாது.

2022 ஏப்ரல் 1 அன்று, முழுமையாகத் தடுப்பூசி போட்டவர்களுக்குக் கடற்பாலம் பரிசோதனையும் தனிமைப்படுத்தலும் இன்றித் திறந்தது. திறந்ததும் கேள்வியும் மறந்துபோனது. 2025 மே மாதம் உலக நலவாழ்வு மன்றம் ஏற்றுக்கொண்ட பெருந்தொற்று ஒப்பந்தம், பயணத் தடை விதிக்கும்படி எந்த நாட்டையும் பணிக்கும் அதிகாரம் உலக நலவாழ்வு நிறுவனத்துக்கு இல்லை என்று தெளிவுபடுத்துகிறது. ஆகவே அடுத்த முறையும் கதவின் சாவி அண்டை நாடுகள் இரண்டின் கையில்தான் இருக்கும். நோய் வந்தபின், பயத்தின் நடுவே, உரத்த குரலுக்கு முதலில் செவிசாய்த்து வரிசை போடுவதைவிட, அமைதியான இந்தக் காலத்திலேயே இரு நாடுகளும் அதை எழுதிவைப்பது நல்லது. புக்கிட் சாகாரையும் உட்லண்ட்ஸையும் இணைக்கும் புதிய ரயில் பாதையை, ஒரு திசையில் மணிக்கு 10,000 பேர் போகும்படி திட்டமிட்டிருக்கிறார்கள். அத்தனை பேரை ஏற்றிச்செல்ல இவ்வளவு துல்லியமாகத் திட்டமிடத் தெரிந்தவர்களுக்கு, அந்த ரயில் நிற்கும் நாளில் எந்த ஒருவரை முதலில் அக்கரைக்கு விடவேண்டும் என்று ஒரு பக்கம் எழுதிவைப்பது முடியாத காரியமா?