கிளிக்குக்குக் கூலி: விளம்பர வருவாயும் அறவழிப் பொருளும்

இணையத்தளத்தில் உள்ள விளம்பரத்தை வாசகர் கிளிக் செய்தால் மட்டுமே விளம்பரதாரர் பணம் தருவார் என்பது கிளிக்குக்குக் கட்டணம் எனப்படும் முறை. அந்தப் பணத்தில் ஒரு பங்கு தளம் நடத்துபவரைச் சேரும். இப்படி வரும் வருவாய் அறவழியில் வந்த பொருள்தானா என்ற ஐயம் புதிது. அதற்குள் இருக்கும் கேள்விகள் பழையவை. பிறர் செய்யும் தவறுக்கு இடம் கொடுப்பவரின் பொறுப்பு எவ்வளவு? அளவு முன்கூட்டித் தெரியாத கூலி நியாயமானதா? ஒருவரின் மனத்தை அசைத்துப் பெறும் பணம் நேர்மையானதா? சமயங்களின் அறநூல்கள் இந்த மூன்றையும் நெடுங்காலம் விவாதித்துள்ளன.

முறையின் அமைப்பு

1994 அக்டோபரில் ஹாட்வயர்டு தளத்தில் வெளியான பேனர் விளம்பரங்கள் பத்திரிகை வழக்கத்தைப் பின்பற்றின. விளம்பரதாரர் இடத்துக்குப் பணம் கொடுத்தார். யார் பார்த்தார், யார் கிளிக் செய்தார் என்பது விலையைத் தீர்மானிக்கவில்லை. 1998-ல் பில் கிராஸ் தொடங்கிய கோட்டூ தேடுபொறி இதை மாற்றியது. ஒவ்வொரு தேடுசொல்லுக்கும் விளம்பரதாரர்கள் ஏலம் கேட்டனர்; கிளிக் விழுந்தால்தான் பணம் கட்டினர். 2002-ல் கூகுளும் தன் ஆட்வேர்ட்ஸ் சேவையில் கிளிக் ஏலத்துக்கு வந்தது. 2003-ல் ஆட்சென்ஸ் மூலம் அதைப் பிறருடைய தளங்களுக்கும் விரித்தது. எங்கோ ஓர் ஊரில் சமையல் குறிப்போ இலக்கணப் பாடமோ எழுதுபவர்கூட விளம்பரதாரரைத் தேடி அலையாமல் வருவாய் பெறலாம் என்ற நிலை அப்போதுதான் உருவானது. தமிழ்த் தளங்களுக்கு ஆட்சென்ஸ் 2018-ல் திறந்தது.

அறநோக்கில் இந்த ஏற்பாட்டின் மூன்று கூறுகள் முக்கியமானவை. முதலாவது, விளம்பரத்தைத் தளம் நடத்துபவர் தேர்ந்தெடுப்பதில்லை. பக்கம் திறக்கும் கணத்தில் நடக்கும் ஏலமே அதை முடிவு செய்கிறது. இரண்டாவது, ஒரே பக்கத்தைத் திறக்கும் இருவர் வெவ்வேறு விளம்பரங்களைக் காணலாம். ஒவ்வொருவரும் முன்பு எதைத் தேடினார், எதைப் பார்த்தார் என்பதும் தேர்வில் சேர்கிறது. மூன்றாவது, கூலியை உண்டாக்கும் செயலைச் செய்பவர் வாசகர். ஆனால் ஒப்பந்தத்தில் அவர் ஒரு தரப்பே அல்ல.

பிறர் தவறில் பங்கு

வட்டிக்கடன், மது, சூதாட்டம் ஆகியவற்றின் விளம்பரம் ஒரு நல்ல கட்டுரையின் நடுவே வந்து நிற்கும்போது, அதை வைக்காத ஆனால் அதனால் காசு பெறுகிற தளக்காரருக்குப் பொறுப்பு உண்டா? யூத மரபு இதற்கு லேவியராகமம் 19:14-லிருந்து தொடங்குகிறது. குருடன் முன் தடுக்கல் வைக்கக் கூடாது என்ற அந்தக் கட்டளையை ரபிகள், பிறரைத் தவறில் விழச்செய்யும் எல்லாச் செயல்களுக்கும் விரித்தனர். தல்மூதின் அவோதா சாரா பகுதி ஒரு வரையறை தருகிறது. மது அருந்துவதில்லை என்று பொருத்தனை செய்த நசரேயருக்கு மதுக்கிண்ணத்தை எடுத்துக் கொடுப்பது குற்றம். ஆனால் மூலக் கட்டளையின் முழுத்தடை, அவர் ஆற்றின் ஒரு கரையிலும் கிண்ணம் மறு கரையிலும் இருக்கும்போதுதான் விழுகிறது. தானே கை நீட்டி எடுக்கக்கூடியவருக்கு எடுத்துக் கொடுப்பது அதே தரத்தில் சேராது. எடுத்துக் கொடுப்பவர் இல்லாவிட்டாலும் தவறு நடந்திருக்குமா என்பதே அளவுகோல்.

விளம்பரத்துக்கு இந்த அளவுகோலைப் பொருத்தினால் வேறுபாடு தெளிவாகிறது. கடன் வேண்டும் என்று தேடி வந்தவர் முன் கடன் விளம்பரம் தோன்றினால், அவர் ஏற்கெனவே கிண்ணம் இருக்கும் கரையில் நிற்கிறார். சூதாட்டத்தை விட்டுவிட முயல்பவர் மன அமைதி பற்றிய கட்டுரையை வாசிக்கும்போது, அவருடைய பழைய தேடல்களை வைத்து ரம்மி விளம்பரம் எழுந்தால், அந்தப் பக்கம் அவரை மறுகரைக்கு ஏற்றிச் செல்லும் ஓடமாகிறது. ஆளறிந்து காட்டப்படும் விளம்பரம் இந்த வகையில் பழைய சுவரொட்டியைவிடக் கனமான கேள்வியை எழுப்புகிறது. சுவரொட்டி யார் பலவீனத்தையும் அறியாது.

இஸ்லாமியச் சட்டவியலில் இதன் அடிப்படை, நன்மையில் உதவுங்கள், பாவத்தில் உதவாதீர்கள் என்ற பொருளுடைய குர்ஆன் 5:2 வசனம். மதுவின் தொடர்பில் பத்துப் பேரை நபிகள் நாயகம் சபித்ததாக வரும் ஹதீஸ், குடிப்பவரோடு பிழிபவர், சுமப்பவர், விற்பவர், அதன் விலையை உண்பவர் ஆகியோரையும் சேர்க்கிறது. இந்தப் பட்டியல் பொறுப்பை அகலமாக்குகிறது. அதே நேரம் சட்ட அறிஞர்கள் எல்லையும் வகுத்தனர். மது காய்ச்சுபவருக்குத் திராட்சைச் சாறு விற்கலாமா என்ற கேள்விக்கு இமாம் அபூஹனீபா, விற்கலாம் என்றார். பாவம் சாற்றில் இல்லை, பின்னர் ஒருவர் தம் விருப்பத்தால் செய்யும் மாற்றத்தில் இருக்கிறது என்பது அந்தக் கருத்தின் காரணம். அவருடைய மாணவர்கள் அபூயூசுஃபும் முஹம்மதும் அதை வெறுக்கத்தக்கது என்றனர். விளம்பரம் சாற்றைப் போல் வேறொன்றாக மாற வேண்டிய பொருள் அல்ல. நேராகக் கடைக்கே வழிகாட்டும் பலகை. அதனால் அபூஹனீபாவின் சலுகையை அதற்கு அப்படியே நீட்டுவது கடினம்.

கத்தோலிக்க அறவியல் இதே சிக்கலை நோக்கத்தை வைத்துப் பிரிக்கிறது. 18-ஆம் நூற்றாண்டில் அல்போன்ஸ் லிகோரி தெளிவாக்கிய பாகுபாட்டின்படி, தவறு செய்பவரின் நோக்கத்தைத் தானும் ஏற்று உதவுவது ஒருபோதும் நியாயமாகாது. அந்த நோக்கத்தை ஏற்காமல், தன்னளவில் தவறற்ற செயலால் அதற்கு உதவ நேர்வது தகுந்த காரணம் இருந்தால் பொறுத்துக்கொள்ளத்தக்கது. காரணம் எவ்வளவு கனமாக இருக்க வேண்டும் என்பது, உதவி தவறுக்கு எவ்வளவு அருகில் நிற்கிறது என்பதைப் பொறுத்தது.

மூன்று மரபுகளும் வெவ்வேறு வழியில் வந்து ஒரே இடத்தைத் தொடுகின்றன. அறிவும் தடுக்கும் ஆற்றலும் எங்கே முடிகின்றனவோ அங்கேயே பொறுப்பும் முடிகிறது. குறிப்பிட்ட வகை விளம்பரங்களையும் குறிப்பிட்ட விளம்பரதாரர்களையும் தடுக்கும் வசதியை ஆட்சென்ஸ் தருகிறது. தடுக்கும் பொத்தான் கையில் இருக்கும்போது, ‘நான் தேர்ந்தெடுக்கவில்லை’ என்ற பதிலுக்குப் பாதி வலிமைதான் மிஞ்சும். தடைகளையெல்லாம் வைத்த பிறகும் நழுவி வருவதற்கு மட்டுமே அந்தப் பதில் முழுமையாகப் பொருந்தும்.

அளவு தெரியாத கூலி

இரண்டாம் கேள்வி கூலியைப் பற்றியது. நிச்சயமின்மை மிகுந்த வணிகத்தை, அதாவது கரரை, நபிகள் நாயகம் தடுத்ததாக ஹதீஸ் உண்டு. வலையில் இனிமேல் விழப்போகும் மீனை இன்றே விற்பது போன்றவை அதில் அடங்கும். ஒரு கிளிக்குக்கு எவ்வளவு வரும், எத்தனை கிளிக் விழும் என்பதை முன்கூட்டி அறியாத ஒப்பந்தம் இதில் சேருமா?

இங்கே ஜுஆலா என்னும் கருத்து உதவுகிறது. செய்து முடித்தால் இவ்வளவு பரிசு என்று அறிவிக்கும் ஒப்பந்தம் அது. குர்ஆனின் யூசுஃப் அத்தியாயத்தில் அரசரின் பாத்திரத்தைக் கொண்டுவருபவருக்கு ஓர் ஒட்டகச் சுமை தானியம் என்று அறிவிக்கப்படுவதை (12:72) இதற்குச் சான்றாகக் காட்டுவர். தேடுவதற்கு எத்தனை நாள் ஆகும் என்பது தெரியாவிட்டாலும் ஒப்பந்தம் செல்லும். தமிழகக் கடலோர முஸ்லிம்கள் பலர் பின்பற்றும் ஷாஃபிஈ மரபு ஜுஆலாவை ஏற்கிறது. ஹனஃபி மரபு அதைப் பொதுவாக ஏற்பதில்லை. ஏற்பவர்களும் பரிசின் அளவு தெரிந்திருக்க வேண்டும் என்பார்கள். கிளிக்கின் விலையோ ஒவ்வொரு ஏலத்திலும் மாறுகிறது. ஆயினும் பங்கு வீதம் வெளிப்படையாக இருந்தால் நிச்சயமின்மை குறைகிறது. விளம்பரதாரர் தரும் தொகையில் 68 விழுக்காடு தளத்துக்கு என்று கூகுள் 2010-ல் வெளியிட்டது. அதற்கு முந்தைய ஏழு ஆண்டுகள் இந்த வீதம் வெளியில் சொல்லப்படவில்லை. வெளிப்படைத்தன்மை வெறும் நிர்வாக ஒழுங்கல்ல என்பதும், ஒப்பந்தத்தின் நியாயமே அதில் தங்கியிருக்கிறது என்பதும் இதனால் விளங்கும்.

கிளிக்கின் நேர்மை

தன் தளத்து விளம்பரத்தைத் தானே கிளிக் செய்வது, நண்பர்களைச் செய்யச் சொல்வது, கருவிகளால் செய்விப்பது ஆகியவை வெறும் விதிமீறல்கள் அல்ல, திருட்டு. விற்கப்படாத ஒன்றுக்கு விளம்பரதாரரிடம் விலை வாங்கப்படுகிறது. அளக்கும்போது குறைத்துக் கொடுப்பவரைக் கண்டிக்கும் குர்ஆனின் 83-ஆம் அத்தியாயம் இதற்கு நேராகப் பொருந்தும். இந்த ஏமாற்று சிறிதல்ல: போலிக் கிளிக்குகளுக்கும் பணம் வசூலிக்கப்பட்டதாக அமெரிக்காவின் ஆர்கன்சாஸ் மாநிலத்தில் விளம்பரதாரர்கள் தொடுத்த வழக்கில், கூகுள் 2006-ல் 9 கோடி டாலர் மதிப்புள்ள சமரசத்துக்கு ஒப்புக்கொண்டது.

நுட்பமான ஏமாற்று வாசகரை நோக்கியது. விளம்பரத்தைக் கட்டுரையின் பகுதிபோலத் தோன்றச் செய்வது, பதிவிறக்கப் பொத்தானின் வடிவில் அதை அமைப்பது, விரல் தவறிப் படும் இடத்தில் வைப்பது ஆகியவை அதன் வகைகள். தல்மூது மரபில் இதற்கு மனத்தைத் திருடுதல் என்றே பெயர். பொருள் எதுவும் பறிபோகாவிட்டாலும், பொய்யான எண்ணத்தை ஒருவரிடம் உண்டாக்குவதே குற்றம் என்பது அதன் கருத்து. பௌத்தத்தில் இல்லறத்தார் செய்யக் கூடாத வணிகங்களாக ஆயுதம், உயிர்கள், இறைச்சி, மது, நஞ்சு ஆகிய ஐந்தை அங்குத்தர நிகாயம் கூறுகிறது. அது விற்கும் பொருளைப் பற்றிய விதி. மஜ்ஜிம நிகாயத்தின் 117-ஆம் சூத்திரம் பெறும் முறையைப் பார்க்கிறது: சூழ்ச்சி, இச்சகப் பேச்சு, ஜாடை காட்டிப் பெறுதல், சிறுமைப்படுத்திப் பெறுதல், ஆதாயத்தைக் காட்டி ஆதாயம் தேடுதல் ஆகியவை தீய வாழ்வாதாரம். கிளிக்கைக் குறிவைத்து எழுதப்படும் தலைப்புகளில் பல இந்த ஐந்தினுள் அடங்கிவிடும்.

கூலியின் அளவுகோல் செய்யும் வேலை

இதுவரை பேசியவை தவறான விளம்பரங்களும் தவறான கிளிக்குகளும். விளம்பரம் நல்லதாகவும் கிளிக் உண்மையானதாகவும் இருந்தாலும் ஒரு சிக்கல் எஞ்சுகிறது. மாதச் சம்பளம் வாங்கும் ஆசிரியரும் சந்தா பெறும் இதழும் வாசகர் தங்கியிருப்பதால் வாழ்கிறார்கள். கிளிக்குக்குக் கூலி பெறுபவருக்கு, வாசகர் பக்கத்தை விட்டு வெளியேறும் கணத்தில்தான் காசு விழுகிறது. கேள்விக்கு முழுப் பதில் கிடைத்தவர் வேறெங்கும் போக வேண்டியதில்லை. பாதிப் பதிலோடு நிற்பவர் அடுத்த இணைப்பைத் தேடுவார். ஆகவே இந்த முறை, நல்ல எழுத்தைத் தண்டிக்காவிட்டாலும், குறையான எழுத்துக்குப் பரிசு தரும் இயல்புடையது. எந்தத் தனி விளம்பரத்திலும் இந்தக் கேடு இல்லை; கூலியை அளக்கும் முறையில் இருக்கிறது. அதனால் தடைப் பட்டியல் எதுவும் இதை நீக்காது.

விளம்பரத்தால் வாழும் தேடுபொறி தன் இயல்பிலேயே விளம்பரதாரர் பக்கம் சாயும் என்று கூகுளின் நிறுவனர்களான செர்கே பிரினும் லாரி பேஜும் 1998-ல் தங்கள் ஆய்வுக் கட்டுரையின் பின்னிணைப்பில் எழுதினர். இரண்டே ஆண்டுகளில் அவர்களுடைய நிறுவனமும் விளம்பரத்தில் இறங்கியது. தனிமனித நேர்மை மட்டும் அளவுகோலின் இழுப்பை எதிர்க்கப் போதாது என்பதற்கு இதைவிட நெருக்கமான சான்று கிடைப்பது அரிது.

2024-ல் ஆட்சென்ஸ் கிளிக்கை விட்டு, விளம்பரம் காட்டப்படும் எண்ணிக்கைக்குப் பணம் தரும் முறைக்கு மாறியது. விளம்பர உலகின் பிற பகுதிகளில், குறிப்பாகத் தேடல் விளம்பரத்தில், கிளிக் இன்னும் விலையளவாகவே உள்ளது. அளவுகோல் மாறும்போது சோதனையும் உருமாறுகிறது. கிளிக்கைத் தூண்டும் ஆசை குறைந்து, ஒரே கட்டுரையைப் பல பக்கங்களாக உடைத்து அதிக விளம்பரம் காட்டும் ஆசை வளரும்.

பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேணுவதே வணிகரின் வணிகம் என்று திருக்குறளின் நடுவுநிலைமை அதிகாரம் சொல்லும் கருத்து இங்கே வழிகாட்டியாகிறது. இந்த வணிகத்தில் தளக்காரரின் கையில் இருக்கும் பிறர் பொருள் வாசகரின் நேரமும் கவனமும்தான். தாமே வாசகராக வந்தால் பக்கம் எப்படி இருக்க வேண்டும் என்று விரும்புவாரோ அப்படி அமைப்பது அளவுகோலின் இழுப்புக்கு எதிரான ஒரே உள்தடை.

கலந்த வருவாய்

எல்லாக் கவனத்துக்குப் பிறகும் வருவாயில் ஏற்கத்தகாத ஒரு துளி கலந்திருக்கலாம். இஸ்லாமியப் பொருளியலில் இதற்குத் தூய்மைப்படுத்தல் என்ற நடைமுறை உண்டு. பங்கு முதலீட்டில் நிறுவனத்தின் ஆகாத வருவாய் 5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்றும், அந்தப் பகுதியைத் தானமாகக் கொடுத்துவிட வேண்டும் என்றும் இஸ்லாமிய நிதித் துறைக்கான ஆவோஃபி அமைப்பின் தரநிலை வகுக்கிறது. விளம்பர வருவாய்க்கும் இதே வழியைப் பொருத்தலாம். கணக்கிட முடிந்தால் அந்தத் தொகையை, முடியாவிட்டால் நியாயமாக மதிப்பிட்ட பங்கை, நன்மையை எதிர்பார்க்காமல் ஏழைகளுக்குக் கொடுப்பது அது. நன்மை எதிர்பார்க்கக் கூடாது என்பதற்குக் காரணம், அந்தப் பணம் கொடுப்பவருக்கு உரியதாகவே கருதப்படாததுதான்.

இந்த ஏற்பாட்டுக்கு ஓர் எல்லை உண்டு. அறியாமல் கலந்ததை நீக்கவே அது வகுக்கப்பட்டது. தெரிந்து அனுமதித்த விளம்பரத்தின் வருவாயில் ஒரு பங்கைத் தானம் செய்து மீதியை வைத்துக்கொள்வது தூய்மைப்படுத்தலில் சேராது.