குப்பி விளக்கும் கைப்பிடிச் சுவரும்

வத்தேகமத் தோட்ட லயங்களில் ஒரு காலத்தில் குப்பி விளக்கை அறியாதார் இல்லை. வெறும் போத்தலில் மண்ணெண்ணெய், மூடியில் திரி. கைபட்டால் உருளும், எண்ணெய் சிந்தும், உடையில் தீப் பற்றும். “பிள்ளையைப் பாராத தாயின் குற்றம்” என்போம். நானும் சொன்னதுண்டு.

சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர அதோடு நிற்கவில்லை. தீக்காயம்பட்டோருக்குச் சிகிச்சை அளித்த அவர், கட்டையான, கனத்த, இருபுறமும் தட்டையான, திருகுமூடியுள்ள விளக்கொன்றை வழங்கத் தொடங்கினார். சரிந்தாலும் உருளாது, மூடி கழராது.

புதுவீடு கட்டுகிறவன் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்பக் கடமைப்பட்டவன் என்கிறது இணைச்சட்ட நூல் (22:8). விழுந்தவன் கவனமாக நடந்தானா என்று அது கேட்கவில்லை.

அப்படியானால், பழுதென்று தெரிந்தே மின்கேத்தலை விற்கும் வியாபாரி, நட்டஈட்டைக் கட்டியதும் பாவசங்கீர்த்தனத் தொட்டியைக் கடந்து போய்விடலாமா?