கொடாததைக் கொள்ளாமை

ஆந்திரத்தின் பழைய அனந்தப்பூர்ச் சீமையில் கல்பவல்லி என்றொரு மலைநிலம் உண்டு. சர்க்கார் ஏட்டில் அது தரிசு. 1990-கள் தொட்டுச் சுற்றூர் மக்கள் காட்டுத்தீயைத் தடுத்து, விதை தூவி, மேய்ச்சலை முறைப்படுத்தி, சுமார் 7,000 ஏக்கரைப் பசுமையாக்கினர். புல் வந்தது, ஈச்சமரம் வந்தது, ஓடையில் நீரும் வந்தது. 2010-க்குப் பின் காற்றாலைகள் வந்தன. பாதைக்காக மலைமுகடுகள் வெட்டப்பட்டன. ஊரார் எதிர்த்தனர், பசுமைத் தீர்ப்பாயம்வரை வழக்கும் சென்றது. 2006-ம் ஆண்டுச் சுற்றுச்சூழல் அறிவிக்கையின் பட்டியலில் காற்றாலை இல்லை. ஆகவே மக்கள் கருத்தைக் கேட்கும் கூட்டமும் கட்டாயமாகவில்லை.

நிலக்கரிப் புகையினும் காற்று நன்றன்றோ என்பர் சிலர். நன்றே. மின்சாரத்தில் ஓடிய ஆலையில் உழைத்துண்ட நாம் மின்சாரத்தைப் பழிக்கப் புகோம். ஆயினும் பகவன் அருளிய இரண்டாம் சீலம், கொள்ளும் பொருள் நல்லதா என்று வினவவில்லை. கொடுக்கப்பட்டதா என்றே வினவுகிறது. சர்க்கார் கொடுத்தது எனின், புல்லை வளர்த்தவர் கொடுத்தனரா?

தரிசு என்பது யார் இட்ட பெயர்? பிறர் ஏட்டில் எழுதிய பெயரைத் தலைமுறைதோறும் சுமந்து, அதனைக் களைந்து தம்மத்தைச் சரணடைந்தவர்கள் நாம். அச்சொல்லின் கனம் நமக்குத் தெரியாததா?

இடங்குறிக்குமுன் ஆடு மேய்ப்பவனையும் ஈச்சோலை அறுப்பவளையும் மரத்தடியில் கூட்டிக் கேட்டிருக்கலாம். அதற்கு ஒரு பகல் போதும்.